நாளைக்கென்று எவ்வளவு

நாளைக்கென்று எடுத்து வைப்பது அறமா, பிழையா? துறவைப் போற்றிய மரபுகள் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. பெரும்பாலும் பிழையென்றே பதிலும் சொல்லியிருக்கின்றன. குடும்பம் நடத்துகிறவர்களோ எந்தக் காலத்திலும் எடுத்து வைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். குதிரில் நெல், ஜாடியில் புளி, டின்னில் பருப்பு. பற்றை அறுக்கச் சொல்லும் உபன்யாசத்தைக் கோயில் மண்டபத்தில் கேட்டுவிட்டு, வரும் வழியிலேயே மாதச் சாமான் வாங்கிக்கொண்டு வீடு சேர்வதில் யாருக்கும் உறுத்தல் இருப்பதில்லை. இது பாசாங்கு என்று நான் நினைக்கவில்லை. துறவிக்குச் சொன்னது துறவிக்கு, நமக்கு வேறு கணக்கு என்று நடுவே ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவர் நிற்கும்வரை, எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இல்லறத்துக்குள் நுழையவே நுழையாது. அது நுழைய வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குத் துணையாக ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: வறுக்காத காப்பிக் கொட்டை. பணத்தை வைத்து இதை யோசிக்க முடியாது. பணம் அழுகுவதில்லை, ஆகவே எல்லை எங்கே என்று அது சொல்லாது. பாலை வைத்தும் யோசிக்க முடியாது. மறுநாளே திரிந்து பேச்சை முடித்துவிடும். பச்சைக் காப்பிக் கொட்டைக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயுள், அதுவும் நாம் வைத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. கெடாத பொருளுக்கும் உடனே கெடும் பொருளுக்கும் நடுவில் இருப்பதால் அது நம்மைக் கேள்வி கேட்கிறது. எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான அளவுகோல் வைக்கப்படும் பொருளிடம் இருக்கிறது. வைக்கிறவரின் அச்சத்திலோ சந்தையின் விலையிலோ இல்லை. இதைத்தான் இங்கே நிறுவப் பார்க்கிறேன்.

பச்சைக் கொட்டை என்று கடையில் நிறுத்துக் கொடுப்பது உண்மையில் ஒரு விதை. காப்பிப் பழத்தின் சதையை நீக்கி, உலர்த்தி, மேலே மூடியிருக்கும் பார்ச்மென்ட் என்கிற மெல்லிய ஓட்டையும் உடைத்தபின் கிடைப்பது. ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினால் அதன் வயது தெரிந்துவிடும். நடப்புப் பருவத்தில் வந்த அரபிகா நீலம் கலந்த பச்சையாக இருக்கும். நடுப்பிளவுக்குள் வெள்ளி நிறச் சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். முகர்ந்தால் காய்ந்த புல்லும் பச்சைப் பட்டாணியும் கலந்த வாசனை. கடித்துப் பார்த்தால் பல் பதியாது. ஓராண்டைத் தாண்டிக் கிடந்ததில் பச்சை வெளுத்து மஞ்சள் தட்டியிருக்கும், ஓரங்கள் வெள்ளையாகியிருக்கும், சாக்கு வாடை ஏறியிருக்கும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே நடப்பது சாதாரணமானதல்ல. கொட்டையின் எடையில் 10 முதல் 12% நீர். அரபிகாவில் சுமார் 15% எண்ணெய். இனிப்புக்கும் நிறத்துக்கும் ஆதாரமான சர்க்கரை. விதை மிக மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. தன்னிடமுள்ளதைத் தானே சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது. செல்களின் சவ்வுகள் தளரத் தளர, உள்ளேயிருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுகிறது. முளைக்கும் திறன் சில மாதங்களிலேயே குறையத் தொடங்குகிறது. ஓட்டை உடைக்காத விதை இன்னும் கொஞ்சம் தாங்கும். நாற்றங்காலுக்கு விதை எடுப்பவர்கள் ஓட்டோடு எடுத்து, காலம் தாழ்த்தாமல் விதைப்பதற்குக் காரணம் இதுதான். முளைப்புத் திறன் போன அன்றைக்கே சுவையும் போய்விடுவதில்லை. இரண்டும் வேறுவேறு வேகத்தில் தேய்கின்றன. வறுத்துவிட்டாலோ வாரக்கணக்கு, அரைத்துவிட்டால் நாள்கணக்கு. வறுக்காத நிலையில்தான் கொட்டைக்கு மாதக்கணக்கு உண்டு.

வைக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60%ஐ ஒட்டியிருக்கும் இடத்தில் கொட்டை தன் ஈரத்தை இழக்காமலும் ஏற்றிக்கொள்ளாமலும் இருக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்று பெரும்பாலான நாட்களில் அதைவிட ஈரமானது. அங்கே துணிப்பையிலோ காகிதப் பையிலோ விட்டுவைத்தால் கொட்டை காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். கொட்டையின் ஈரம் 12.5%க்கு மேலே போனால் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் சில உண்டாக்கும் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வறுத்தால் குறையுமே தவிர முழுதாக அழியாது. ஈரம் கூடிய கொட்டையில் வண்டும் வரும். இதற்குப் பயந்து மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டாலும் கேடுதான்; அளவுக்கு மீறி உலர்ந்து, நிறம் வெளுத்து, நொறுங்கத் தொடங்கும். அரிசிக்கும் பருப்புக்கும் செய்கிற வைத்தியம் இதற்கு ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் வாய்வரை நிரப்பி, அடுப்புக்கும் சன்னலுக்கும் தள்ளி, பெருங்காயமோ கருவாடோ இல்லாத அலமாரியில் வைக்க வேண்டும். ஏனென்றால் கொட்டை பக்கத்து வாசனையையும் பிடித்துக்கொள்ளும். ஒரே பெரிய டின்னை அடிக்கடி திறப்பதைவிட, ஒரு தடவை வறுக்கும் அளவுக்குப் பொட்டலம் பொட்டலமாக இறுக்கிக் கட்டி வைப்பது மேல். பிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் குளிர்ந்த கொட்டையின்மேல் காற்றின் ஈரம் வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே விட வேண்டும்.

இத்தனை விவரமும் எதற்கு என்றால், சேமிப்பைப் பற்றிய அறப்பேச்சில் விட்டுப்போகும் ஒன்று இதில் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே வைக்கிறவர் எஜமானராக இருக்க முடியவில்லை. பொருள் கேட்பதை அவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஈரம் கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். இவர் விருப்பத்துக்கு அது வளையாது. எவ்வளவு பாடுபட்டாலும் ஓராண்டை ஐந்தாண்டாக்க வீட்டு அலமாரியால் முடியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. குடகிலும் சிக்மகளூரிலும் ஏற்காட்டிலும் அரபிகா நவம்பரை ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரிக்குள் பெரும்பாலும் பறித்து முடிந்துவிடும். மீண்டும் பழுக்க அடுத்த நவம்பர். ஆக, மரம் வெறுமையாக நிற்கும் காலத்தை விதை தாண்டிவருகிறது. புதுக் கொட்டை வரும் நேரத்தில் பழைய கொட்டை தளர்கிறது. இதில் இறைவனின் ஏற்பாட்டைக் காண்கிறவர்கள் காணலாம், தற்செயல் என்பவர்கள் அப்படியே கொள்ளலாம். என் வாதம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. ஓராண்டுக்குள் எடுத்து வைப்பது, பருவம் உண்டாக்கிய ஓர் உண்மையான இடைவெளியைக் கடப்பதற்காக. அதற்கு மேல் வைத்திருக்கும்போது, கடக்க வேண்டிய இடைவெளி எதுவும் வெளியே இல்லை. புதுப் பயிர் வந்து கடையில் கிடக்கிறது. அப்போதும் பழையதை விடாமல் வைத்திருக்கச் சொல்வது உள்ளேயிருக்கும் அச்சம் மட்டும்தான்.

பௌத்த சங்கத்தின் ஒழுக்க நூலான விநயம் இந்த வழியிலேயே யோசித்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. துறவிக்குச் சேமிப்பே கூடாது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. சோறு முதலான உணவு நண்பகல்வரை. பழச்சாறு மறுநாள் விடியும்வரை. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தும் ஏழு நாள்வரை. உப்பும் மருந்து வேர்களும் வாழ்நாள் முழுவதும். பெறுகிறவர் மூத்த துறவியா, இளையவரா என்று இங்கே பேச்சில்லை; பொருள் எது என்பதைப் பார்த்துக் காலம் வகுத்திருக்கிறார்கள். ஏழு நாள் விதி எப்படி வந்தது என்பதற்கு விநயம் சொல்லும் நிகழ்ச்சி, அலமாரி வைத்திருக்கும் எவருக்கும் புரியும். பிலிந்தவச்சர் என்ற துறவியிடம் மக்கள் மிகுந்த மதிப்பு வைத்து நெய்யும் தேனும் எண்ணெயும் கொண்டுவந்து குவித்தார்கள். அவர் தமக்கு வந்ததைத் தம்மோடிருந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்தார். அவர்களோ அதைப் பானைகளிலும் குடங்களிலும் நிரப்பினார்கள். மீந்ததைப் பைகளில் கட்டிச் சன்னல்களில் தொங்கவிட்டார்கள். கசிந்து ஒழுகியது; இருப்பிடம் முழுக்க எலி. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். விதி வந்தது. ஒழுகும் நெய்யும் ஓடும் எலியும் காட்டிய எல்லையைத்தான் விதி எழுத்தில் வைத்தது.

ஆனால் அதே விநயத்தில் என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனந்தருக்கு ஆசானான பேலட்டசீசர் காட்டில் தங்கியிருந்தார். பிச்சைக்குப் போய்ப் பெற்ற வெறும் சோற்றை உலர்த்தி வைத்துக்கொண்டு, பசித்தபோது நனைத்து உண்டார். ஊருக்குள் அடிக்கடி போகாமல் நீண்ட நாள் தியானத்தில் இருக்க முடிந்தது. பேராசை துளியும் இல்லை. உலர்ந்த சோறும் கெடவில்லை. இருந்தும் அது கூடாது என்றே விதிக்கப்பட்டது. பொருளின் ஆயுள்தான் அளவு என்றால் இதற்கு அனுமதி கிடைத்திருக்க வேண்டுமே? பொருளின் ஆயுளை நாட்களால் மட்டும் அளந்தால் அப்படித்தான் தோன்றும். அந்தச் சோறு ஒரு வீட்டில் அன்றைய நண்பகலுக்காக வடிக்கப்பட்டது. கொடுத்தவரும் பெற்றவரும் நாளும் முகம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குள் அது கைமாறியது. உலர்த்தி வைத்தபோது சோறு கெடவில்லை, அதைச் சூழ்ந்த உறவு நின்றுபோனது. ஆகவே பொருளின் அளவுகோலில் இரண்டு கூறுகள் உண்டு என்று கொள்ள வேண்டும்: அது எத்தனை நாள் தாங்கும் என்பது ஒன்று, யாருடைய எந்த வேளைக்காக அது இருக்கிறது என்பது மற்றொன்று. காப்பிக் கொட்டைக்கு இந்த இரண்டாவது கூறு எப்படிப் பொருந்துகிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

விவிலியத்தின் யாத்திராகமத்தில் பாலைவனத்தில் பொழியும் மன்னா என்ற உணவும் இதே நியாயத்தில் நடக்கிறது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு; மறுநாளுக்கென்று மீத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளில் மன்னா விழாது என்பதால் ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்லப்பட்டது. அது மட்டும் கெடவில்லை. சேமிப்பு என்ற செயல் இங்கே தண்டிக்கப்படவில்லை. இடைவெளி இல்லாத இடத்தில் சேமித்தது கெட்டது, இடைவெளி உள்ள இடத்தில் சேமித்தது நின்றது. இஸ்லாமிய மரபும் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. நபிகள் நாயகம் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததைப் புகாரியின் ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது. விலை ஏறட்டும் என்று உணவுப் பொருளைப் பதுக்குகிறவன் பாவம் செய்கிறான் என்பதும் அதே மரபின் தீர்ப்பு. மனுவின் நூலிலும் ஒரு வரிசை வருகிறது: களஞ்சியம் நிறைய வைப்பவன், குடம் நிறைய வைப்பவன், மூன்று நாளுக்கு வைப்பவன், நாளைக்கென்று எதுவும் வைக்காதவன், கடைசியில் வருபவனே உயர்ந்தவன். இந்த வரிசை எனக்கு ஒப்பாகவில்லை. இது ஆளைத் தரம் பிரிக்கிறது. வைக்காமையை ஒரு தகுதியாக்கி, வைப்பவர்களைப் படியில் கீழே நிறுத்துகிறது. எதை வைக்கிறான், அது எதற்கு என்ற கேள்வி அதில் எழவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு சமணத்திலிருந்து வரும். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் உடைமைப் பற்றை மனத்தின் மயக்கம் என்று வரையறுக்கிறது. அப்படியென்றால் அளவுகோல் மனத்தில்தானே இருக்க வேண்டும்? ஒரு கைப்பிடிக் கொட்டையை ஏங்கி ஏங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவரும் உண்டு, ஒரு மூட்டை இருந்தும் பற்றில்லாதவரும் உண்டு. பொருளை எடைபோட்டு என்ன தெரியும்? காந்தி இன்னும் ஒரு படி மேலே போவார். 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில், உடைமையின்மை முழுமையடைந்தால் மனிதன் பறவையைப் போல நாளைக்கென்று உணவே வைக்கமாட்டான் என்றார். அது எட்ட முடியாத இலட்சியம் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். சமணத்தின் வரையறை சரியானது என்றே நினைக்கிறேன். குற்றம் மயக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மயங்கியிருப்பவருக்குத் தம் மயக்கம் தெரிவதில்லை. அச்சம் ஒருபோதும் அச்சம் என்று பெயர் சொல்லிக்கொண்டு வராது. முன்யோசனை, குடும்பப் பொறுப்பு, தள்ளுபடி விலை என்றெல்லாம் பெயர் மாற்றிக்கொண்டு வரும். மனம் தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்ள முடியாத வழக்கு இது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். மாதம் ஒரு கிலோ வறுக்கும் வீட்டில் முப்பது கிலோ கிடந்தால், மனம் என்ன சமாதானம் சொன்னாலும், கடைசிப் பதினெட்டுக் கிலோ வெளுத்துப்போய் உண்மையைச் சொல்லிவிடும். காந்தி சொன்ன பறவையைப் பற்றியும் ஒன்று. காப்பி மரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் பழுக்கிறது. வீட்டில் வைக்காவிட்டால் தோட்டக்காரர் கிடங்கில் வைப்பார், அல்லது வியாபாரி வைப்பார். அன்றன்றைக்குப் பொட்டலம் வாங்குகிறவர் சேமிப்பிலிருந்து விடுபட்டவராகத் தோன்றலாம். அவருக்காக வேறு யாரோ ஈரத்தோடும் வண்டோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை வீட்டுக்குள் ஏற்பதில் ஆன்மிகக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது மறுப்பு இக்காலத்தது. பொருளின் ஆயுள் என்று ஏதோ மாறாத ஒன்று இருப்பதுபோலப் பேசுகிறாயே, காற்றை உறிஞ்சி அடைத்து உறைகுளிரில் வைத்தால் கொட்டை சில ஆண்டுகள்கூட நன்றாக இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், உயர்ந்த ரகங்களை அப்படி வைக்கிற வறுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லையைத் தள்ளிப்போட முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. காற்றுப் புகாத டப்பாவே எல்லையைத் தள்ளிப்போடும் கருவிதான். ஆனால் குளிரில் நீடிப்பது சுவை மட்டும், உயிர் நீடிப்பதில்லை. நெல், கோதுமை போன்ற பல பயிர்களின் விதையை நன்றாக உலர்த்தி உறைகுளிரில் பல்லாண்டு காக்கலாம். காப்பி விதை அதற்கு இணங்காது. உலர்த்திக் குளிரூட்டினால் முளைக்கும் திறன் போய்விடுகிறது. அதனால் காப்பியின் மரபு வகைகளைக் காக்க நினைக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் விதைப் பெட்டகத்தை நம்பாமல் மரங்களாகவே நட்டு வளர்க்கின்றன. கோஸ்டா ரிக்காவின் துரியால்பாவில் இருப்பதும் நம் பாலெஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பதும் அப்படிப்பட்ட தொகுப்புகள்தான். பல தலைமுறைக்கு வைத்திருக்க வேண்டும் என்றால் காப்பியை மண்ணில்தான் வைக்க முடியும். அங்கே அது வளரும், பழுக்கும், உதிரும், யாராவது திரும்ப நட வேண்டும். பாபா பூதன் என்ற சூஃபி 17ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சந்திரகிரி மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கடல் கடந்து வந்த அந்த விதைகளும் பயணக் காலம்வரைதான் தாங்கியிருக்கும். பேணிக் காக்கிறேன் என்று யாராவது பேழைக்குள் பூட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

காலம் கெடுக்கத்தான் செய்யும் என்பதே தவறு, காலம் மெருகும் ஏற்றும் என்று மூன்றாவதாகச் சிலர் சொல்வார்கள். மான்சூன்ட் மலபார் காப்பியைக் காட்டுவார்கள். பாய்மரக் கப்பல்களில் ஆப்பிரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன கொட்டை, கடற்காற்றில் ஊறி வெளுத்துப் புளிப்பு அடங்கி ஒரு தனிச் சுவையோடு கரை சேர்ந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கியபின் அந்தச் சுவை மறைந்தது. பழகியவர்கள் அதையே கேட்டார்கள். அதனால் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காற்றில் கொட்டையைப் பரப்பி, கிளறி, சாக்கு மாற்றி, வேண்டுமென்றே ஊற வைக்கிறார்கள். இந்த எடுத்துக்காட்டு எனக்கு எதிரானதல்ல. அந்தக் கிடங்கில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் நிற்கிறார். எத்தனை வாரம், எவ்வளவு ஈரம், எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் கொட்டையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மழைக்காலம் முடிந்தால் வேலை முடிந்தது. அலமாரியின் பின்வரிசையில் மறந்துபோன டின் தானாக மான்சூன்ட் மலபார் ஆகாது; அதில் வெறும் மக்கல் வாடைதான் வரும்.

அளவை விலையிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் நாட்டு வரலாறு போதும். 1906இல் தௌபாத்தே ஊரில் கூடிய காப்பி மாநிலங்கள், விலை சரியாமல் இருக்கக் கொட்டையை வாங்கிக் கிடங்கில் பூட்டுவதென்று ஒப்பந்தம் செய்தன. முதலில் பலித்தது, பலித்ததால் மேலும் நட்டார்கள். 1929இன் வீழ்ச்சிக்குப் பிறகு கிடங்குகள் கொள்ளாமல் போய், 1931 முதல் 1944 வரை சுமார் 7.8 கோடி மூட்டைக் காப்பி எரிக்கப்பட்டும் கடலில் கொட்டப்பட்டும் அழிந்தது. மூட்டை ஒன்று 60 கிலோ. ஒவ்வொரு கொட்டையும் யாரோ ஒரு கூலிப் பெண்ணோ ஆணோ கையால் பறித்தது. குடிப்பதற்கென்று இருந்த பொருள் விலைக்கென்று வைக்கப்பட்டதால், குடிக்கத் தகுந்த நிலையிலேயே தீக்கு இரையானது. யோசேப்பின் கதையை இங்கே எதிராக நிறுத்துவார்கள்: ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்து வைத்து ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்தைக் காத்தவன். உயிர்கள் பிழைத்தது உண்மை, அந்த இடைவெளியும் உண்மையானது. ஆனால் ஆதியாகமத்தைக் கடைசிவரை படித்தால், மக்கள் தானியத்துக்காகப் பணத்தைக் கொடுத்து, பிறகு கால்நடையை, பிறகு நிலத்தை, கடைசியில் தம்மையே பார்வோனுக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. களஞ்சியம் திறந்த விதத்தைச் சேர்த்துப் பார்க்காமல் நிரப்பிய அறிவை மட்டும் புகழ என்னால் முடியவில்லை. காப்பி சோறு அல்லவே, இல்லாவிட்டால் யாரும் சாகமாட்டார்களே, இதற்குப் போய் அறக்கேள்வியா என்பவர்களுக்கும் இந்தப் பத்தியே பதில். குடிப்பவருக்கு அது ஆடம்பரம். பறிப்பவருக்கு அதுதான் சோறு.

இனி, தள்ளிவைத்த அந்த இரண்டாவது கூறு: யாருடைய வேளைக்காக? எத்தியோப்பியாவில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே வீடுகளில் கொட்டையைப் பச்சையாகவே வைத்திருப்பார்கள். விருந்தினர் வந்து அமர்ந்தபின், வீட்டுப் பெண் கொட்டையைக் கழுவி, கரியடுப்பின்மேல் தட்டையான இரும்புச் சட்டியில் வறுக்கிறார். புகை எழும்பும் சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுபோய் வாசனை காட்டுகிறார். உரலில் இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்கவைத்து, மூன்று சுற்று ஊற்றுகிறார். அபோல், தோனா, பரக்கா என்று அவற்றுக்குப் பெயர். மூன்றாவது சுற்று ஆசி என்று கருதப்படுவதால் அதற்கு முன் எழுந்து போவது மரியாதையல்ல. வறுத்த கொட்டையைத் திரும்பப் பச்சையாக்க முடியாது; அந்த மீளாத செயலை வருகிறவர் வரும்வரை அவர்கள் ஒத்திப்போடுகிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒரு காலத்தில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று ரகம் கேட்டுப் பச்சைக் கொட்டை வாங்கி, கைப்பிடி வைத்த இரும்பு உருளையைக் கரியடுப்பின்மேல் சுற்றி வறுத்து, கையால் சுற்றும் மிஷினில் அரைத்தார்கள். பச்சையாக வைத்திருப்பது என்பது முடிக்காமல் வைத்திருப்பது. பேலட்டசீசரின் உலர்ந்த சோறு கொடுப்பவர் முகத்தைப் பார்க்காமலிருக்க உதவியது. எத்தியோப்பிய வீட்டின் பச்சைக் கொட்டை வருகிறவர் முகத்துக்காகவே காத்திருக்கிறது. இரண்டும் சேமிப்புதான், ஆனால் மற்ற மனிதர்களை நோக்கி அவை நிற்கும் திசை நேரெதிர்.

கடைசியாக ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. கெடுவதற்கு முன் மிச்சத்தைக் கொடுத்துவிடுவேன், ஆகவே எவ்வளவு வாங்கி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். இல்லாதவரின் பசியைத் தீர்ப்பதே பொருளைச் சேமித்து வைக்கத் தகுந்த இடம் என்ற கருத்தைத் திருக்குறள் 226இல் வள்ளுவர் சொல்லியிருப்பதையும் துணைக்கு அழைக்கலாம். கொடுப்பது சேமிப்பின் குற்றத்தைக் கழுவும் என்பதை ஏற்கிறேன். எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடோபநிடதத்தின் தொடக்கத்தில் நசிகேதன் தன் தந்தை தானம் செய்ய ஓட்டிவரும் பசுக்களைப் பார்க்கிறான். கடைசி மடக்கு நீரைக் குடித்து முடித்தவை, கடைசிப் புல்லைத் தின்று முடித்தவை, இனிக் கறக்காதவை, இனி ஈனாதவை. வேள்வி நடக்கிறது, எண்ணிக்கையும் குறைவில்லை, ஆனாலும் அந்தப் பையனுக்கு மனம் கேட்கவில்லை. மரணத்தின் வாசல்வரை அவனை அனுப்பிய கேள்வி அந்தப் பசுக்களைப் பார்த்தபோதுதான் பிறக்கிறது. வெளுத்த கொட்டையைப் பதினைந்தாம் மாதத்தில் வேலைக்கார அம்மாவிடம் எடுத்துக் கொடுப்பதும் அந்தப் பசுக்களை ஓட்டிவிடுவதும் ஒரே செயல். அது கொடுத்தவர் கணக்கில் தானமாக ஏறாது. வாங்கியவர் வீட்டில் காப்பியாகவும் ஆகாது. ஆகவே டப்பாவின்மேல் எந்தப் பருவத்துக் கொட்டை என்று எழுதி ஒட்ட வேண்டும், நான்காம் மாதம், ஐந்தாம் மாதத்திலேயே கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்த பறிப்புக்குள் நம் வீட்டில் வறுத்துத் தீராது என்று தெரிகிற பங்கு எவ்வளவோ, அது நீலப் பச்சை மாறாமல் இருக்கும் அந்த மாதமே கைமாறிப் போக வேண்டும்.